ஜீரோ மார்க் வாங்குன பாடகியும் அந்த லிஸ்ட்ல இருக்காங்க

சித்தி ஸ்டாக்ஹோம் வரேன்னு சொன்னதும் நான் வாசா கப்பல் மியூசியம், அரண்மனை, தீவு தீவா சுத்துற படகு சவாரினு பெரிய லிஸ்டே போட்டு அனுப்பிச்சேன், அதுக்கு வந்த பதில் ஒரே வரி, "அதெல்லாம் இருக்கட்டும்டா, ஆபா மியூசியம் எப்போ போறோம்". ABBAன்னு ஸ்வீடன் பாப் க்ரூப் ஒண்ணு, காலேஜ் ஹாஸ்டல்ல தேய்ஞ்சு போற வரைக்கும் அதோட ஒரே கேசட்டை போட்டுக் கேட்ட ஆளு அவங்க. அந்தப் பேரைத் தமிழ்ல எழுதுறதே ஒரு பாடு, அப்படியே எழுதுனா "அப்பா" ஆயிடுது, அப்புறம் யாரோட அப்பாவுக்கு மியூசியம்னு கேப்பாங்க, அதனால இந்தப் பதிவு முழுக்க ஆபான்னே வச்சுக்கறேன். (நாலு பேரோட முதல் எழுத்தைச் சேர்த்து வச்ச பேரு அது. அதே பேர்ல ஸ்வீடன்ல ஏற்கனவே ஒரு மீன் டப்பா கம்பெனி இருந்துச்சு, அவங்ககிட்ட கேட்டுட்டுதான் வச்சுக்கிட்டாங்க.)

இது நடந்தது 2015 நவம்பர்ல. நவம்பர்ல ஸ்டாக்ஹோம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், மதியம் மூணரைக்கெல்லாம் ராத்திரி மாதிரி ஆயிடும். ஏழாம் நம்பர் டிராம் புடிச்சு யூர்கோர்டன் தீவுக்குப் போனோம், பக்கத்துல க்ரோனா லுண்ட் பொழுதுபோக்கு பூங்கா சீசன் முடிஞ்சு பூட்டிக் கெடக்கு, ராட்டினமெல்லாம் இருட்டுல எலும்புக்கூடு மாதிரி நிக்குது.

உள்ள போனதும் முதல் கூத்து. சித்தி ஏதோ வாங்கணும்னு கைப்பையிலேர்ந்து ஒரு ஐம்பது க்ரோனர் நோட்டை எடுத்து நீட்டறாங்க. புத்தம் புது நோட்டு, அந்த அக்டோபர்லதான் வெளியிட்டிருந்தாங்க, ஆரஞ்சு கலர்ல மொடமொடன்னு இருந்துச்சு. கவுன்டர்ல இருந்த பொண்ணு சிரிச்சுக்கிட்டே இங்க பணம் வாங்கறதில்ல கார்டு மட்டும்தான்னு சொல்லிச்சு. இது ஊரறிஞ்ச விஷயம்தான், ஆபால இருக்கற பியோர்ன் உல்வேயஸ் ரொக்கப் பணமே ஒழியணும்னு பேசிட்டிருக்கற ஆளு, அவரு பையன் வீட்டுல திருட்டு போனதுலேர்ந்து அப்படி ஆனவரு, அதனால மியூசியமும் 2013 மே மாசம் திறந்த நாள்லேர்ந்தே கார்டுதான். சித்தி நோட்டை மடிச்சு உள்ள வச்சுக்கிட்டாங்க. அதுல ஒரு தாத்தா படம் இருந்துச்சு, அதை நாங்க ரெண்டு பேருமே அப்போ கவனிக்கல. அந்த தாத்தாகிட்ட அப்புறம் வரேன்.

ஆபா பகுதி எப்படின்னு நான் சொல்ல வேண்டியதில்ல, ஆயிரம் பேரு எழுதிட்டாங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன். அங்க ஒரு சிவப்பு டெலிஃபோன் இருக்கு. அதோட நம்பர் ஆபா நாலு பேருக்கு மட்டும்தான் தெரியும், எப்ப வேணா அவங்கள்ல யாராச்சும் கூப்பிடலாம், அப்போ பக்கத்துல யார் நிக்கிறாங்களோ அவங்க எடுத்துப் பேசலாம். இதை நான் சித்திகிட்ட சொல்லியிருக்கக் கூடாது. இருபது நிமிஷம் நகரவே இல்ல. ஐம்பத்தெட்டு வயசு, முட்டி வலி, கம்பளிக் கோட்டு, கைப்பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஃபோனையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, வர்ற போறவங்க ஃபோட்டோ எடுக்க நகருங்கன்னு சைகை காமிச்சா ஒரு அடி நகர்ந்துட்டு மறுபடி அதே எடத்துக்கு வராங்க. அடிச்சா என்ன சித்தி பேசுவீங்கன்னு கேட்டேன். "அதை அப்போ பாத்துக்கலாம்"னாங்க.

அடிக்கல.

அந்தக் கடுப்புல கெளம்பி நடந்தப்பதான் அதே கட்டடத்துல ஸ்வீடிஷ் மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் இருந்த பகுதிக்கு வந்தோம். ஸ்வீடன் நாட்டோட மொத்த பாப்புலர் மியூசிக்குக்கும் சேர்த்து ஒரு கௌரவ மண்டபம், 2014ல ஆரம்பிச்சது, 1920கள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் உள்ள கதை. ஆபா கூட்டத்துல பாதி பேரு கூட இங்க நின்னு பாக்கல, கடை எந்தப் பக்கம்னு தேடிட்டுப் போறாங்க. எனக்கு இதுல கொஞ்சம் வருத்தம்தான். ஒரு நாட்டோட நூறு வருஷப் பாட்டை ஒரே ஒரு க்ரூப்போட வீட்டுக்குள்ள குடி வச்சா அப்படித்தான் ஆகும், ஆனா அந்த வீட்டுல வைக்கலைன்னா சித்தி மாதிரி ஆளுங்க அதை வந்து பாத்திருக்கவே மாட்டாங்க, அதுவும் உண்மை.

முதல் வருஷம் சேர்த்த பேருங்களைப் பாத்ததும் எனக்கு யாரோ பாட்டு லிஸ்ட்டை தப்பா ஷஃபிள் பண்ணிட்டாங்கன்னுதான் தோணுச்சு. ஆபா இருக்கு, ராக்ஸெட்னு பாப் ஜோடி இருக்கு, சரி. கூடவே ஏவெர்ட் டோப்னு 1890ல பொறந்த ஒரு கப்பல்காரர். யான் யோஹான்சன்னு ஒரு ஜாஸ் பியானோக்காரர். எப்பா க்ரோன்னு ஒரு பங்க் பேண்டு. என்டூம்ப்டுன்னு டெத் மெட்டல் பேண்டு, அதாவது பொணம், கல்லறை, உறுமல். ராபின்னு ஒரு பாப் பாடகி. மேக்ஸ் மார்ட்டின். கொர்னேலிஸ் வ்ரேஸ்விக். மோனிகா செட்டர்லுண்ட். இத்தனை பேரையும் ஒரு கல்யாண மண்டபத்துல ஒரே பந்தியில உக்கார வச்சா என்ன பேசிப்பாங்கன்னு நெனச்சுப் பாருங்க.

சித்திக்கு முதல்ல போரடிச்சுது, யாருடா இவங்கெல்லாம்னு நடந்துட்டே இருந்தாங்க. திடீர்னு டோப் படத்துக்கு முன்னாடி நின்னாங்க. கைப்பையைத் திறந்தாங்க. அந்த ஐம்பது க்ரோனர் நோட்டை எடுத்து படத்துக்குப் பக்கத்துல புடிச்சுப் பாத்தாங்க. "டேய், இவர்தான்டா அது."

ஆமா அவர்தான். கோத்தன்பர்க்ல பொறந்து விங்கான்னு ஒரு குட்டித் தீவுல வளர்ந்தவரு, அப்பா அங்க கலங்கரை விளக்கத்துல வேலை பாத்தவரு. சின்ன வயசுலயே கப்பலேறிட்டாரு, அர்ஜென்டினால அஞ்சு வருஷம் இருந்தாரு, திரும்பி வந்து கடல், மாலுமி, கோடைக்கால நடனம், தீவு வாழ்க்கைன்னு எழுதிப் பாடுனாரு, 1976ல எறந்தாரு. ஸ்வீடிஷ்ல விசான்னு ஒரு பாட்டு வகை இருக்கு, ஒரு ஆளு, ஒரு கிட்டார் இல்லைன்னா லூட்ங்கற பழைய நரம்பு வாத்தியம், ஒரு கதை, அவ்ளோதான், அதுல இவருதான் பெரிய கை. இன்னிக்கும் கோடைக்காலத்துல நாலு ஸ்வீடன்காரங்க ஒண்ணா உக்காந்தா கொஞ்ச நேரத்துல இவர் பாட்டு வந்துடும், எங்க ஆஃபீஸ் பார்ட்டில வாயே திறக்காத மேனேஜர் ஒருத்தர் மூணாவது கிளாஸுக்கு அப்புறம் எந்திரிச்சு இவரோட பாட்டை முழுசா பாடி நான் பாத்திருக்கேன். பழைய ஊருல யார்ன்டோரியெட் சதுக்கத்துல இவருக்கு சிலை கூட இருக்கு, பீடம் கீடம் எதுவும் இல்லாம தரையில கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு சாதாரணமா நிக்கிறாரு.

சித்திக்கு இதுல ஒரே சிரிப்பு. நோட்டுல இருக்கற ஆளுக்கு மாலை போட்டு வச்சிருக்காங்க, அந்த நோட்டை மட்டும் வாங்க மாட்டேங்கறாங்க, நல்ல கதையா இருக்கேன்னு.

அதுக்கப்புறம் அவங்க ஒவ்வொண்ணா கேக்க ஆரம்பிச்சாங்க. எனக்குத் தெரிஞ்சதையும் அங்க படிச்சதையும் கலந்து சொல்லிக்கிட்டே வந்தேன். யான் யோஹான்சன் கதை எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1964ல வெறும் பியானோவும் டபுள் பாஸும் வச்சு, ரெண்டே பேரு, பழைய ஸ்வீடிஷ் நாட்டுப்புறப் பாட்டுங்களை எடுத்து ஜாஸா வாசிச்சு ஒரு ரெக்கார்டு போட்டாங்க. ஒரு ஸ்வரம் வாசிச்சுட்டு அது அடங்குற வரைக்கும் காத்திருந்து அடுத்த ஸ்வரம் வாசிக்கற மாதிரி இருக்கும், பனி பெய்யறப்போ ஜன்னல் கிட்ட உக்காந்து கேட்டா வேற எதுவும் வேண்டாம். ரெண்டரை லட்சத்துக்கு மேல வித்துது, ஸ்வீடன்ல அதிகம் வித்த ஜாஸ் ரெக்கார்டு அதுதான். 1968ல கச்சேரிக்குப் போற வழியில கார் விபத்து, 37 வயசு. பிப்பி லாங்ஸ்டாக்கிங் டிவி தொடர் தெரியும்ல, ரெட்டை ஜடை போட்ட குறும்புக்காரப் பொண்ணு, அதோட டைட்டில் பாட்டுக்கு மியூசிக் போட்டது இவருதான், வரிகள் அந்தக் கதையை எழுதுன அஸ்ட்ரிட் லிண்ட்க்ரெனே எழுதுனது. தொடர் 1969ல ஒளிபரப்பாச்சு. உலகம் முழுக்க குழந்தைங்க பாடுற பாட்டு, அவர் அதை டிவில பாக்கவே இல்ல.

என்டூம்ப்டு முன்னாடி சித்தி காதைப் பொத்திக்கிட்டாங்க, பாட்டு கூட ஓடல, ஃபோட்டோ பாத்ததுக்கே. ஆனா எனக்கு இந்த லிஸ்ட்ல ரொம்ப தைரியமான தேர்வு இதுதான்னு படுது. ஸ்டாக்ஹோம் பசங்க, 1990ல முதல் ஆல்பம், சன்லைட்னு ஒரு சின்ன ஸ்டூடியோல தோமாஸ் ஸ்கோக்ஸ்பெரிங்ற ஆளோட பண்ணது. கிட்டார் சத்தத்தைக் கரகரன்னு ஆக்க Boss கம்பெனியோட ஹெச்எம்-2ன்னு ஒரு டிஸ்டார்ஷன் பெடல் இருக்கு, அதுல மொத்தம் நாலு குமிழ், புத்தியுள்ளவங்க ஒவ்வொண்ணையும் பாதிக்குத் திருப்புவாங்க, இவங்க நாலையும் கடைசி வரைக்கும் முறுக்கி விட்டுட்டாங்க. மரம் அறுக்கற மெஷின் மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு, அதுதான் ஸ்டாக்ஹோம் டெத் மெட்டல் சத்தம்னு உலகம் முழுக்க பேராச்சு, இன்னிக்கும் எந்த நாட்டுலயோ எவனோ ஒருத்தன் அந்த பெடலைத் தேடிப் புடிச்சு நாலு குமிழையும் முறுக்கிக்கிட்டு இருப்பான். நம்ம ஊர் பெரியவங்க கிட்ட கேட்டா இதை சங்கீதம்னு ஒத்துக்க மாட்டாங்க, இவங்க நாட்டுப்புறப் பாட்டுக்காரர் பக்கத்துலயே வச்சுட்டாங்க.

கொர்னேலிஸ் வ்ரேஸ்விக் இன்னொரு ஆச்சரியம். ஸ்வீடிஷ் மொழியில பாட்டெழுதுனவங்கள்ல முதல் வரிசைல இருக்கறவரு, மொழியை அப்படி மடக்கி நெளிச்சு நக்கலடிச்சு எழுதுவாரு, அவரு பொறந்தது நெதர்லாந்துல. பன்னெண்டு வயசுல குடும்பத்தோட வந்து மொழியைப் புதுசா கத்துக்கிட்ட பையன். 1987ல சாகற வரைக்கும் ஸ்வீடன் குடியுரிமை வாங்கவே இல்ல. ஆபால இருக்கற ஃப்ரீடா கூட பொறந்தது நார்வேல. நான் வந்த புதுசுல ஸ்வீடிஷ் க்ளாஸ்ல உக்காந்து ஒரு வாக்கியத்துல வினைச்சொல்லை எங்க வைக்கறதுன்னு தெரியாம முழிச்சிட்டிருந்த காலத்துல எங்க டீச்சர் இவரோட கதையைச் சொல்லித்தான் தேத்துவாங்க. எனக்கு பாட்டெழுதற அளவுக்கு இன்னும் வரல, கரன்ட் ஆஃபீஸுக்கு லெட்டர் எழுதற அளவுக்கு வந்திருக்கு.

இப்போ மேக்ஸ் மார்ட்டின். சித்திக்கு இவர் யாருன்னே தெரியாது, உங்கள்ல பாதி பேருக்கும் முகம் தெரியாது, ஆனா இவர் பாட்டு கேக்காதவங்க யாரும் இல்ல. பிரிட்னி ஸ்பியர்ஸோட முதல் ஹிட், பேக்ஸ்ட்ரீட் பாய்ஸோட பெரிய ஹிட்டு, அப்புறம் கேட்டி பெர்ரி, டெய்லர் ஸ்விஃப்ட், வீக்கெண்டுனு அமெரிக்கால முதலிடம் புடிச்ச பாட்டுங்க மட்டும் 20க்கு மேல எழுதியிருக்காரு. நம்ம காலேஜ் டேஸ்ல கேட்டது எல்லாம் அமெரிக்கப் பாட்டுன்னு நெனச்சோம், பாதி ஸ்டாக்ஹோம்ல ஷெய்ரான்னு ஒரு ஸ்டூடியோல செஞ்சது. அந்த ஸ்டூடியோவோட குரு டெனிஸ் பாப். அவருக்கு ஒரு அருமையான கதை இருக்கு, ஏஸ் ஆஃப் பேஸ்னு கோத்தன்பர்க் க்ரூப் ஒண்ணு அவருக்கு ஒரு டெமோ கேசட் அனுப்புறாங்க, அவருக்கு அது அவ்வளவா பிடிக்கல, ஆனா கேசட் கார் ப்ளேயர்ல மாட்டிக்கிச்சு, வெளிய வரவே மாட்டேங்குது, ஆஃபீஸ் போறப்பவும் அதே பாட்டு வரப்பவும் அதே பாட்டு, இப்படியே கேட்டுக் கேட்டு கடைசில இதுல ஏதோ இருக்குப்பான்னு எடுத்து வேலை செஞ்சாரு, அது உலக ஹிட் ஆச்சு. ஒரு ரிப்பேரான கார் டேப்ரெக்கார்டர் இல்லைன்னா அந்த க்ரூப்பே இல்ல. டெனிஸ் பாப் 1998ல 35 வயசுல கேன்சர்ல போய்ட்டாரு, அதுக்கப்புறம் கொஞ்ச நாள்லதான் அவரோட சிஷ்யன் மேக்ஸ் மார்ட்டின் எழுதுன பிரிட்னி பாட்டு வெளிய வந்துச்சு.

ஆனா எனக்கு மேக்ஸ் மார்ட்டின் விஷயத்துல மனசுல நின்னது வேற. அவரு சின்ன வயசுல கத்துக்கிட்டது ஃப்ரெஞ்சு ஹார்ன், பெருசா வளைஞ்சு வளைஞ்சு நத்தை மாதிரி இருக்குமே அந்த ஊதுகுழல். எங்க கத்துக்கிட்டாருன்னா நகராட்சி மியூசிக் ஸ்கூல்ல. ஸ்வீடன்ல 1940கள்லேர்ந்து ஒவ்வொரு ஊர் நகராட்சியா இந்த மாதிரி பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க, பணக்கார வீட்டுப் புள்ளைங்கதான் பியானோ கத்துக்கணும்னு இல்லாம எந்தப் புள்ளையும் போய் சும்மாவோ கொஞ்சம் ஃபீஸ் கட்டியோ ஒரு வாத்தியம் கத்துக்கலாம், வாத்தியமும் அவங்களே வாடகைக்குக் குடுப்பாங்க. தனக்கு வந்தது எல்லாத்துக்கும் அந்தப் பள்ளிக்கூடம்தான் காரணம்னு அவரே சொல்லியிருக்காரு. இதைத் தவிர படிப்பு வட்டம்னு ஒரு ஏற்பாடு இருக்கு, நாலு பசங்க சேர்ந்து பேண்டு ஆரம்பிச்சா அதை ஒரு படிப்பு வட்டம்னு பதிஞ்சுக்கிட்டு, அரசாங்க மானியத்துல ஓடற முதியோர் கல்வி சங்கங்கள் ரிகர்சல் ரூம் குடுக்கும். அதாவது பேஸ்மென்ட்ல டிரம்ஸ் போட்டு உடைக்கறது கணக்குல கல்வி. ஒரு கோடி பேரு இருக்கற நாடு எப்படிடா உலகத்துக்கே பாட்டு விக்குதுன்னு ஆளாளுக்கு குளிர், இருட்டு, இங்கிலீஷ் நல்லா பேசறாங்கன்னு காரணம் சொல்றாங்க, அதெல்லாம் நார்வேலயும் ஃபின்லாந்துலயும் இருக்கே. என்னைக் கேட்டா அந்த மண்டபத்துல மேக்ஸ் மார்ட்டின் பேருக்குப் பக்கத்துல ஒரு வாடகை ஃப்ரெஞ்சு ஹார்னை தொங்க விட்டுடலாம்.

இதைச் சொல்லிட்டிருக்கும்போதே சித்தி அடுத்த படத்துக்குப் போய்ட்டாங்க. மோனிகா செட்டர்லுண்ட். நல்ல உயரமா, பெரிய கண்ணோட, சினிமா நடிகை மாதிரி, உண்மையாவே நடிகையும்தான். ஹாக்ஃபோர்ஸ்னு ஒரு சின்ன இரும்பாலை ஊருல பொறந்தவங்க, டெலிஃபோன் எக்ஸ்சேஞ்ச்ல வேலை பாத்த பொண்ணு. ரேடியோவுல ஜாஸ் கேட்டுக் கேட்டே பாடக் கத்துக்கிட்டவங்க. டெலிஃபோன்னு சொன்னதும் சித்தி முகத்துல அந்த சிவப்பு ஃபோன் ஞாபகம் வந்து போனதைப் பாத்தேன்.

1963ல லண்டன்ல நடந்த யூரோவிஷன் போட்டிக்கு, அதாவது ஐரோப்பிய நாடுங்க ஆளுக்கொரு பாட்டு அனுப்புற போட்டிக்கு, ஸ்வீடன் இவங்களைத்தான் அனுப்புச்சு. எத்தனை பாயின்ட்டு தெரியுமா. ஜீரோ. ஒரு நாடு கூட ஒரு பாயின்ட்டு கூட குடுக்கல. அந்த வருஷம் ஜெயிச்சது பக்கத்து நாடு டென்மார்க். அடுத்த வருஷமே, 1964ல, பில் எவன்ஸ் ஸ்டாக்ஹோம் வந்து இவங்களோட ஆல்பம் போட்டாரு, பில் எவன்ஸ்னா ஜாஸ் பியானோல யாருன்னு தெரிஞ்சவங்க இப்போ புருவத்தைத் தூக்கியிருப்பீங்க. அவரோட பேர்போன வால்ட்ஸ் ஒண்ணு இருக்கு, அதை இவங்க ஸ்வீடிஷ்ல பாடியிருக்காங்க, மெதுவா, பக்கத்துல உக்காந்து காதோட ரகசியம் சொல்ற மாதிரி. 2005ல அவங்க ஃப்ளாட்டுல தீப்புடிச்சு எறந்து போனாங்க.

பதினோரு வருஷம் கழிச்சு 1974ல அதே யூரோவிஷன்ல, பிரைட்டன்ல, ஆபா ஜெயிச்சுது. ஸ்வீடனுக்கு அதுதான் முதல் வெற்றி. முதல் வெற்றி வாங்குனவங்களையும் ஜீரோ வாங்குனவங்களையும் ஒரே வருஷத்துல ஒரே லிஸ்ட்ல சேர்த்திருக்காங்க, சின்ன எழுத்து பெரிய எழுத்துனு பாகுபாடு இல்லாம. இந்த மாதிரி மண்டபம், விருது எல்லாம் எனக்குப் பொதுவா ஒத்து வராது, யாரை சேர்த்தாங்க யாரை விட்டாங்கன்னு சண்டைதான் மிச்சம், ஆனா இது ஒண்ணுக்காக அந்த எடத்தை எனக்குப் பிடிச்சுது.

ராக்ஸெட் பக்கம் போறப்போ மணி ஆயிடுச்சு. அதோட பாடகி மேரி ஃப்ரெட்ரிக்சன் அப்போ உயிரோட இருந்தாங்க, மூளைல கட்டி வந்து அதோட போராடிக்கிட்டே மேடை ஏறிட்டிருந்த காலம், 2019 டிசம்பர்ல போய்ட்டாங்க. என்டூம்ப்டு பாடகர் எல்.ஜி. பெட்ரோவ் 2021ல போய்ட்டாரு. இப்போ அந்த ஃபோட்டோக்களைத் திருப்பிப் பாத்தா நாங்க நின்னப்போ உயிரோட இருந்தவங்க எத்தனை பேர்னு எண்ணத் தோணுது.

வெளிய வந்தா கும்மிருட்டு, மழையா பனியான்னு சொல்ல முடியாத ஒரு தூத்தல். டிராம் ஸ்டாப்புல நின்னோம். சித்தி கிளவுஸைக் கழட்டிட்டு கையை நீட்டுனாங்க, "அந்த ஜீரோ வாங்குன பாட்டு இருக்கா உன் ஃபோன்ல". தேடி எடுத்தேன், பாட்டோட பேருக்கு அர்த்தமே முன்னொரு நாள் ஸ்டாக்ஹோம்லங்கற மாதிரிதான். ஒரு இயர்ஃபோன் அவங்க காதுல ஒண்ணு என் காதுல, டிராம் வந்துச்சு, ஏறி உக்காந்தோம், பாலத்தைத் தாண்டுறப்போ ரெண்டு பக்கமும் தண்ணியில வெளக்கு வெளிச்சம் ஆடுது, மொழி ஒரு வார்த்தை புரியாம சித்தி கண்ணை மூடிக் கேட்டுட்டு வராங்க. பாட்டு முடிஞ்சுது. கொஞ்ச நேரம் எதுவும் பேசல.

"இதுக்காடா ஜீரோ போட்டானுங்க?"

ஆமா சித்தின்னேன். "கடங்காரனுங்க"ன்னு சொல்லிட்டு மறுபடி போடச் சொன்னாங்க.